பேண்டேஜ் துணியில் பம்பாய் போன பாப்பா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பம்பாயில் வேலை பார்த்த கணவரிடம் போக ஏழு மாத மகளுடன் ராஜபாளையத்திலிருந்து கிளம்பினேன். முதல் விமானப் பயணம். கைச்சுமை குறையட்டும் என்று பாப்பாவின் துணிப்பையையும் பெட்டியோடு விமானச் சரக்கில் போட்டுவிட்டேன்.

விமானம் மேலேறிய சற்று நேரத்தில் பாப்பா நனைத்துவிட்டாள். கைப்பையில் ஒரு துணிகூட இல்லை. முந்தானையில் சுற்றினேன், அதையும் நனைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து இருக்கைக்காரர், "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன்.

"அட, நானும் அங்கனதான். பேண்டேஜ் துணி ஏவாரம். சாம்பிள் கையில இருக்கு. எம்புட்டு வேணுமோ கிழிச்சுக்கோம்மா."

"ஆஸ்பத்திரிக்குப் போற துணியாச்சே, அண்ணாச்சி!"

"பிள்ளைக்கு இல்லாம வேற யாருக்கு?" என்று சுருளையே நீட்டினார்.

பம்பாயில் எங்களைப் பார்த்ததும் கணவர் பதறிவிட்டார். "ஐயையோ, பாப்பாவுக்கு எங்க அடிபட்டுச்சு?" அண்ணாச்சியும் நானும் சிரித்த சிரிப்பில் பாப்பாவும் சிரித்தாள்.

பிறகு இரண்டாவது குழந்தையோடு பறந்தபோதெல்லாம் துணிகள், மாற்றுச் சட்டை, பிளாஸ்டிக் விரிப்பு, ஈரத்துணி போட ஒரு உறை எல்லாம் என் தோள்பையில்தான் இருந்தன. வாங்கும்போதே அந்தப் பையைத் தோளில் மாட்டி, ஒற்றைக் கையால் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்தேன். மறு கையில் குழந்தை இருக்குமே!