என் முழமும் கிடார் கம்பியும்

கோணலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். அஞ்சாவதுதான் படித்தேன், பாதி மறந்தும் போகிறது.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிறேன். "உன் முழம் குட்டை" என்று சண்டை போடாத ஆளில்லை. நானும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஞாயிறு சர்ச்சில் என் மகள் முதல்முறையாக பேஸ் கிடார் வாசிக்க இருந்தாள். முந்தின நாள் கம்பி அறுந்துவிட்டது. அவள் வேலைக்குப் போனதால் நான் கிடார் கடைக்குப் போனேன். நீளம் கேட்டார்கள். வீட்டில் கிடாரை என் கையால் அளந்திருந்ததால் "ரெண்டு முழம்" என்றேன். கடைக்காரர் தன் கையால் அளந்து பெரிய கிடாரின் கம்பியைக் கொடுத்தார்.

மகள் அதை மாட்டியபோது நீளம் மிஞ்சி, கம்பியின் தடித்த பாகமே கிடார் தலையிலிருக்கும் முறுக்காணியில் சுற்றிக்கொண்டு, சத்தம் செத்துப்போனது. "இது குட்டை கிடாரும்மா! நாளைக்கு இன்னாத்த வாசிக்கிறது?" என்று அழுதாள்.

கிடாரை வாழைநாரால் அளந்து எடுத்துக்கொண்டு, கால் வலியோடு மறுபடி நடந்தேன். கடைக்காரர் நாரைத் தன் கையில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். "இன்னா ஆயா, உன் முழம் இவ்ளோ கம்மியா கீது!" உறை பிரித்து மாட்டிய கம்பி என்றும் பார்க்காமல், சொரசொரப்பில்லாத குட்டைக் கம்பியாக மாற்றித் தந்தார். "இத்தப் போடு, கும்முனு கேக்கும்."

ஞாயிறன்று அந்தச் சத்தம் பெஞ்சு வழியாக முதுகில் ஏறியது. எல்லோரும் மகளையே பார்த்தார்கள். எனக்கோ சண்டை போட்டவர்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை.

இப்போது முழத்துக்கு ரெண்டு விரல் கூட்டி விடுகிறேன். கம்பி சமாசாரம் சரிதானா, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.