படிக்காமல் போட்ட பின்னூட்டம்

காலையில் எங்கள் கடையின் இணையப் பக்கத்தில் புது வால்வு ஒன்றின் படம் போட்டேன். போட்டு முடிப்பதற்குள் ஒரு தம்பி வந்து, "சூப்பர் ப்ரோ, நம்ம பேஜையும் பாருங்க" என்று எழுதிவிட்டு ஓடிவிட்டார். எனக்குக் கோபமே வரவில்லை. அந்தத் தொழிலுக்கு ஓசூரில் நான்தான் மூதாதை.

இரண்டாயிரங்களின் கடைசியில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்து, ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். தீபாவளிவரை பார்ப்பது, தேறாவிட்டால் மறுபடி கம்பெனி பஸ் ஏறுவது என்று வீட்டில் முடிவு. கடைக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கினேன். நானும் மனைவியும் படித்தோம், அவளும் ஒருமுறைதான். மற்ற பதிவர்களோடு பழகினால்தான் ஆள் வரும் என்றார்கள். பின்னூட்டம் கல்யாண மொய் மாதிரி, நாம் வைத்தால்தான் நமக்கு வைப்பார்கள். அத்தனையையும் யார் படிப்பது? "அருமை. அப்படியே ஒத்துக்கொள்கிறேன். நேரமிருந்தால் நம்ம பக்கமும் வாங்க" என்று கடை முகவரியோடு எழுதி வைத்துக்கொண்டு கவிதை, சமையல், அரசியல் என்று பார்த்த இடமெல்லாம் ஒட்டினேன்.

மறுநாளே பக்கத்து ஊரான தளியில் ரோஜாத் தோட்டம் போட்டிருந்த பதிவர் ஒருவர், பைக்கில் குழாய்ச் சுருளோடு வந்து இறங்கினார். கன்னடத்தில் நலம் விசாரித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"நம்ம பக்கம் வாங்கன்னீங்க, வந்துட்டேன். பதிவ படிச்சீங்களா?"

"படிச்சேங்க. அருமை."

"என்ன எழுதியிருந்தேன்?"

நான் துடைத்த வால்வையே மறுபடி துடைத்தேன்.

"தம்பிய உட்டு ஓசூர்ல வாங்குன பைப்பு ஒரே மாசத்துல வெடிச்சிருச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான்னு எழுதுனேன். பாவம்னு கடை பேரு போடல. நீங்களே வந்து ஒத்துக்கிட்டு அட்ரஸும் குடுத்துட்டீங்க."

கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பதிவைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அதுதான் தண்டனை. தண்ணீர் எட்டாமல் வரிசையாகத் தலை தொங்கிய செடிகளை அவர் எழுதியிருந்த விதத்தில், எனக்கே அந்தக் கடைக்காரன்மேல் கோபம் வந்தது. அன்றே தளிக்குப் போய் வேறு குழாய் போட்டுக் கொடுத்தேன். 'ஒத்துக்கொண்ட கடைக்காரர்' என்று அவர் அடுத்த பதிவு எழுத, ஊரே வந்து சிரித்தது. சிரித்தவர்களில் பேரிகை ஊர் விவசாயிகள் நாலு பேர் குழாய் வாங்கக் கடைக்கும் வந்தார்கள். நான் கம்பெனி பஸ் ஏறவில்லை.

அதன்பிறகு அவருடைய பதிவுகளை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பின்னூட்டம் போடுவேன். போன் வரும். "மூணாவது பத்தியில என்ன, சொல்லுங்க பாப்போம்."

ரோஜாத் தோட்டம் இப்போது வீட்டுமனை. அவர் மகனோடு பெங்களூர் போனவர், போனில் சிக்குவதில்லை. அவருடைய வலைப்பூவும் திறப்பதில்லை. காலையில் வந்த தம்பியின் பக்கத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதினேன். படிச்சீங்களா என்று கேட்கத்தான் ஆளில்லை.