காற்றுப் பாறைக்குப் போய்வரும் நேரம்

எங்கள் மலையில் சாயங்காலக் காற்றுக்கு இரண்டு வாசனை இருந்தது. ஒன்று தைலமரத்து இலை, இன்னொன்று என் அம்மா போடும் மிளகாய் பஜ்ஜி. மதனபள்ளியிலிருந்து வரும் பஸ் கடைசி வளைவில் முக்கித் திரும்பும்போதே உள்ளே இருக்கிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறும்.

ஹார்ஸ்லி ஹில்ஸ் என்று போர்டில் எழுதியிருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது தெலுங்கில் "மல்லம்மா கொண்ட", அதாவது மல்லம்மா மலை. யானைகளே எடுத்து வளர்த்த மல்லம்மா என்ற பெண் இங்கே இருந்தாளாம், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தாளாம், ஒருநாள் காணாமல் போனாளாம். அவளுக்குச் சின்னதாக ஒரு கோயில் உண்டு. நாங்கள் நகரிப் பக்கத்துத் தமிழர்கள். நிலம் கிடையாது. ரோடு போடுகிற வேலைக்கு மலையேறி வந்த அம்மாவும் "நைனா"வும், அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், வேலை முடிந்தும் இறங்கவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் தகரம் சாய்த்துக் கடை போட்டார்கள்.

வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம், எங்கே நடக்கலாம் என்றுதான் கேட்பார்கள். அம்மா முதலில் நடக்கச் சொல்வாள். தைலமரங்களுக்கு நடுவே போனால் "காலி பண்ட", நம் பேச்சில் காற்றுப் பாறை. அங்கே நின்றால் தோளில் துண்டு நிற்காது, கீழே மலைப்பாதை வளைவு வளைவாகத் தெரியும்.

ஒருமுறை வேலூர்க்காரர் ஒருவர், நல்ல தொப்பை, கடை முன்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா, அங்க காத்து ஆளையே தூக்கிக்கினு பூடுமாமே?"

"ஒல்லியா இருந்தா தூக்கும்ணா. நீ தைரியமா போ," என்றாள் அம்மா.

அவர் பெண்சாதி பாறைவரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள்.

"போய்ட்டு வாங்க, சூடா போட்டு வெக்கிறேன்." எல்லோரையும் இப்படிச் சொல்லித்தான் அம்மா அனுப்புவாள். ஆனால் ஆள் திரும்பும் நேரத்துக்குத்தான் எண்ணெயில் போடுவாள். போகிறவர்களைப் பார்த்தாலே எப்போது வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கைக்குழந்தைக்காரர்கள் உடனே வருவார்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள் இருட்டினால்தான். அதைப் பார்த்து மாவில் மிளகாயை முக்குவாள். அவர்கள் வந்து உட்காரவும் பஜ்ஜி எண்ணெயிலிருந்து மேலே வரவும் சரியாக இருக்கும்.

நான் பாறையில் நின்று, கீழே இறங்குகிற பஸ்ஸுக்கெல்லாம் கை ஆட்டுவேன். ஜன்னலிலிருந்து யாராவது திருப்பி ஆட்டுவார்கள்.

பிறகு பெங்களூர்க் கார்கள் வர ஆரம்பித்தன. கார்க்காரர்கள் பாக்கெட்டும் பாட்டிலும் கையோடு கொண்டுவந்தார்கள். கண்ணாடி வைத்த ஹோட்டல் வந்தது. எங்கள் மாவு மீந்தது. மீந்த மாவையே ராத்திரி தோசையாக ஊற்றித் தின்றோம். அந்த வருஷங்களில் எங்கள் ஜில்லாப் பெண்கள் பலர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். அம்மாவும் போவதென்று முடிவானது. என்னிடம் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"கோயிலுக்கா?"

"ஆமா. நீ காலி பண்டக்குப் போய்ட்டு வா பாப்பா, சூடா போட்டு வெக்கிறேன்."

"நீயும் வா."

"எண்ணெ காயுது. போ."

வருகிறவர்களிடம் சொல்வதை என்னிடமும் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. பாறைக்குப் போய் நின்றேன். பஸ் இறங்கியது. எப்போதும்போல் கை ஆட்டினேன். கீழ் வளைவில் மறைகிறவரைக்கும் ஆட்டினேன்.

திரும்பி வந்தபோது அடுப்போரம் ஒரு தட்டு இருந்தது. அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்திருந்தாள். திறந்தேன், ஆவி வந்தது. நைனா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா எங்க நைனா?"

"துன்னு பாப்பா. ஆறிடும்."

கொஞ்ச நாள் கழித்து குவைத்திலிருந்து எஸ்.டி.டி பூத்துக்கு அம்மாவின் போன் வந்தது. "காத்து அடிக்குதா?" என்றாள். அடிக்கிறது என்றேன். "துன்னியா?" என்றாள். தின்றேன் என்றேன். அந்த பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், நான் கை ஆட்டியதைப் பார்த்தாளா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நைனா போனை வாங்கிக்கொண்டார். அடுத்த முறை கேட்கலாம் என்று விட்டேன்.

அடுத்த முறை வரவில்லை. அம்மாவை அனுப்பிவைத்த ஏஜெண்டைத் தேடி நைனா மதனபள்ளிக்குப் போனார், கதவு பூட்டியிருந்தது. கூடப் போன பெண்களின் வீடுகளில் கேட்டார். வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்களாம், அதற்குமேல் தெரியாதாம். செத்தாள் என்று செய்தி இல்லாததால் காரியமும் செய்யவில்லை. படத்துக்கு மாலை போட நைனா விடவில்லை.

கடையை அவரே நடத்திப் பார்த்தார். ஆட்கள் எப்போது திரும்புவார்கள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. எல்லாம் ஆறிப்போயே கிடந்தது. அந்த இடத்தைக் கார் நிறுத்த எடுத்துக்கொண்டார்கள். பெங்களூரில் கட்டடத்துக்குக் காவல் இருக்கப் போனவர் அங்கேயே செத்துப்போனார்.

நான் மலையிலேயே ஒரு லாட்ஜில் அறை பெருக்குகிறேன். எங்கே சாப்பிடலாம், எங்கே நடக்கலாம் என்றுதான் வருகிறவர்கள் இப்போதும் கேட்கிறார்கள். சாப்பாட்டுக்குக் குறை இல்லை, பிரியாணி, நூடுல்ஸ் எல்லாம் கிடைக்கிறது. நடக்கக் காலி பண்டக்கு வழி காட்டுகிறேன். போய்ட்டு வாங்க என்று மட்டும் வாயில் வருவதில்லை.

காணாமல் போன மல்லம்மாவுக்குக் கோயில் இருக்கிறது. அம்மா அடுப்பு வைத்த இடத்தில் வெள்ளைக் கோடு போட்டுக் கார் நிற்கிறது. பாறைக்குக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். முன்னால் கட்டடம் எழும்பிவிட்டதால் அங்கிருந்து பஸ் தெரிவதில்லை, இறங்குகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அது கீழ் வளைவைத் தாண்டுகிறவரைக்கும் கேட்டுக்கொண்டு நிற்பேன். பிறகு காற்றுதான்.