கையை விட்டுப் போகாத அம்பு

ஆவடி குவார்ட்டர்ஸ் கிளப்பில் டார்ட்ஸ் பலகை மாட்டியிருந்த காலத்தில் அவரைத் தெரியும். சின்ன அம்புகளைக் குறிபார்த்து எறியும் அந்த ஆட்டத்துக்காகத் தொழிற்சாலை வேலையையே விட்டவர். பம்பாய், கல்கத்தா என்று போய் ஆடி, கோப்பையும் பரிசுப் பணமுமாகத் திரும்புவார். நெடுநெடுவென்ற ஒல்லி உடம்பு. எறிவதற்கு முன் விரல் நுனிகளைச் சட்டைக் காலரில் துடைத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலும் அப்படித் துடைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். அம்பு போகவில்லை. மறுபடி உயர்த்தினார். கை பாதியிலேயே நின்றது. வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தோம். அவர் முகம் வியர்த்திருந்ததைக் கண்டதும் சிரிப்பு அடங்கியது. அம்பை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

பின்னாலேயே போய், "கை வலிக்குதா அண்ணாத்தே?" என்று கேட்டேன்.

"வலியெல்லாம் இல்லப்பா. கொஞ்ச நாளா இப்டித்தான் கீது. உடுன்னு நான் சொல்றேன், கை உட மாட்டேங்குது."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"கையில ஒண்ணும் இல்லன்றாரு. ஒடைஞ்சிருந்தாகூட ஊட்ல சொல்லிக்கலாம். கை நல்லாதான் கீது, ஆட முடியலன்னு என் சம்சாரத்துகிட்ட எப்டி சொல்றது? இத நம்பி வேலைய உட்டவன் நான்."

அதற்குப் பிறகு அவர் கிளப்புக்கு வரவில்லை.

அடுத்த வருடம் கொரட்டூர் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தார். நான் வாசலோரம் நின்றிருந்த ரயில் நகரத் தொடங்கியது. என்னைக் கண்டதும் சிரித்து, "புடி" என்று ஒரு பழத்தை எறிந்தார். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அது நேராக என் உள்ளங்கைக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரிப்பு போயிருந்தது. தன் வலது கையை விரித்துப் பார்த்தபடி நின்றிருந்தார்.

பழத்தைக் கடிக்க மனம் வராமல் ஆவடி வரை கையிலேயே வைத்திருந்தேன்.