அண்ணன் ஏற்றிய ஒரு பாட்டில் ரத்தம்

எனக்குக் கிட்னி தருவதாக அண்ணன் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். புதுப்பட்டினத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவான். என் மனைவி அவனுக்கென்று நண்டு வாங்கி வந்து மசாலா அரைப்பாள்.

"உப்பு கம்மியா கீதும்மா. கிட்னி தரப்போற ஒடம்பு, பாத்து செய்," என்பான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உப்பு போடுவாள்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று தடவை செங்கல்பட்டில் டயாலிசிஸ். சிறுநீரகம் என்றால் மூத்திரம் பிரிக்கிற சாமான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு என்றார் டாக்டரம்மா. உடம்பில் பிராணவாயு குறைந்தால் அதுதான் முதலில் மோப்பம் பிடிக்குமாம். உடனே எரித்ரோபொயட்டின் என்கிற ஹார்மோனைச் சுரந்து அனுப்புமாம். அந்த உத்தரவு போய்ச் சேர்ந்தால்தான் எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைச் செய்யும். மேஸ்திரி வராத சைட்டில் சித்தாள்கள் உட்கார்ந்திருப்பதுபோல என் மஜ்ஜை சும்மா உட்கார்ந்திருந்தது. ஹீமோகுளோபின் ஏழு. பாத்ரூம் போய் வந்தாலே நாய் மாதிரி இரைத்தது.

அந்த ஹார்மோன் ஊசியாகவே கிடைக்கிறது. டயாலிசிஸ் முடிந்ததும் போடுவார்கள். கூடவே இரும்புச்சத்தும் ஏற்றுவார்கள்.

"மெதுவாத்தான் ஏறும், வாரக்கணக்கா ஆகும். அவசரப்பட்டு டோஸ் கூட்டினா பிரஷர் எகிறும், ரத்தம் கட்டிக்கும்," என்றார் டாக்டரம்மா. "உயிருக்கு ஆபத்துன்னாலொழிய ரத்தம் மட்டும் ஏத்திக்காதீங்க. அதுவும் அண்ணனோடது கூடவே கூடாது. அவருக்கு எதிரா உங்க ஒடம்பு ஆயுதம் செஞ்சு வெச்சிக்கும். அப்புறம் அவரோட கிட்னிய உள்ள விடாது."

அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் இதைச் சொன்னார். அவன் போனில் டைல்ஸ் டிசைன் தள்ளிக்கொண்டிருந்தான்.

எனக்கும் அண்ணனுக்கும் பொருத்தம் பார்த்ததில் எல்லாம் பிரமாதமாகச் சேர்ந்தது. அண்ணன் மகன் கல்யாணம் முடிந்த கையோடு ஆபரேஷன் என்று முடிவானது. மாமல்லபுரத்துக் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் வரவேற்பு. நாள் நெருங்க நெருங்க அண்ணனுக்கு என் முகம்தான் பெரிய கவலை.

"இன்னாடா இது, மூஞ்சி சுண்ணாம்பு அட்ச்ச செவுரு மாதிரி கீது? சம்பந்தி வூட்டுக்காரங்க பரம்பர வியாதின்னு நெனச்சிக்கப் போறாங்க. ஊசி போட்டுகினே கீற, ஒண்ணியும் காணோமே!"

"இன்னும் கொஞ்ச நாள்ல ஏறிடும்ணா."

"எனக்கு வர்ற வெள்ளிக்கிழமைக்கு வோணும்."

அவனுக்குத் தெரிந்த சின்ன நர்சிங் ஹோம் ஒன்று. தன் ரத்தத்தையே எடுத்து எனக்கென்று தனியாக வைக்கச் சொல்லிவிட்டு, என்னை அழைத்துப்போகக் காரோடு வந்து நின்றான். என் மனைவி வாசலை மறித்தாள்.

"மாமா, டாக்டரம்மா வேணான்னாங்களே."

"கிட்னியே குடுக்கறவன் ரத்தம் குடுக்கக் கூடாதா? சரி, ரெண்டும் வோணாம், வுட்டுடு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு விலகி வழி விட்டாள்.

ஒரு பாட்டில் ஏறியதும் ஒரே ராத்திரியில் என் முகத்துக்குக் களை வந்துவிட்டது. வரவேற்பு மேடையில் சம்பந்தியிடம் என் தோளில் கைபோட்டுக்கொண்டு, "என் ரத்தம்," என்றான் அண்ணன். போட்டோக்களில் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் மறுபடி சோதித்தார்கள். என் ரத்தத்தின் தெளிந்த நீரில் அண்ணனின் அணுக்களைப் போட்டுப் பார்க்கும் சோதனை. போட்ட அணுக்களை அந்த நீர் கொன்று தீர்த்திருந்தது. "யார் ரத்தம் ஏத்தினது?" என்று டாக்டரம்மா பேனாவை மேசையில் வீசினார். அண்ணன் கிட்னி இனி ஆகாது, வேறு யாருடையது சேர்வதும் கஷ்டம் என்றார். என் மனைவிக்குச் சர்க்கரை. அவளாலும் தர முடியாது.

அடப்பாவி, அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவான் என்று எதிர்பார்த்தேன். கேன்டீனில் உட்கார்ந்து இரண்டு செட் பூரி சாப்பிட்டான்.

"நான் ரெடியாத்தான் இருந்தேன். உன் ஒடம்புதான் வோணான்னுடுச்சி. நான் இன்னா பண்றது?" என்றான் கை கழுவிக்கொண்டே. அதையேதான் புதுப்பட்டினம் முழுக்கச் சொன்னான். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் சாப்பிட வரவில்லை.

ஊசி அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பல மாதம் கழித்து அண்ணன் மருமகளின் வளைகாப்புக்குச் சதுரங்கப்பட்டினம் போனபோது எனக்கு ஹீமோகுளோபின் பதினொன்றைத் தொட்டிருந்தது. கூட்டத்தின் நடுவில் அண்ணன் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினான்.

"பாத்தீங்களா? நான் குடுத்த ரத்தம்! மூஞ்சி எப்டி தகதகன்னு கீது!"

சிவப்பணுவின் ஆயுளே ஏறக்குறைய நான்கு மாதம்தான். அவன் கொடுத்தது எப்போதோ செத்துப்போய்விட்டது. அவனுக்கு எதிராக என் உடம்பு செய்துகொண்டது மட்டும் சாகவில்லை. கன்னத்தில் இருந்த அந்தக் கையைக் கடித்துத் துப்பிவிடலாமா என்று வெறி வந்தது.

சம்பந்தியம்மாள் கண்கலங்கி என் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டார். "கிட்னியே தர இருந்தாராமே. இப்படி ஒரு மனுஷன் யாருக்கும்மா கெடைப்பாங்க?"

"எங்களுக்கும் கெடைக்கலைங்க," என்றாள் என் மனைவி.