பக்கத்து சீட்டில் தூங்கியவர்

கார் ஓட்டத் தெரியாதவர்களோடு காரில் சுற்றுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு மண்டை உடைந்தது என்றால், கேட்பவர்கள் முதலில் "எந்த ரோட்டுல?" என்றுதான் கேட்பார்கள். ரோட்டில் இல்லை. வீட்டுச் சமையலறையில், பல்பு மாற்ற ஏறிய ஸ்டூலிலிருந்து விழுந்ததில். அவரிடம் படித்தவர்கள் சுவரை இடித்திருக்கிறார்கள், தண்ணீர் லாரியின் பின்பக்கத்தைப் பதம் பார்த்திருக்கிறார்கள், பின்னால் போவதாக நினைத்து முன்னால் பாய்ந்திருக்கிறார்கள். அதிலெல்லாம் அவர் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஸ்டூல் ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு ஹாரன் சார் என்று பெயர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. படிப்பவர் சொதப்பினால் அதை மிதிப்பார். மிதிப்பதற்கு முன் கத்துவார், மிதித்த பிறகும் கத்துவார். "கிளட்ச மிதிங்கன்னா ஏங்க என் மூஞ்சியப் பாக்குறீங்க? கிளட்ச் என் மூஞ்சியிலயா இருக்கு?" கொஞ்சம் தேறி, ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்துப் பாட்டு முணுமுணுக்க ஆரம்பிப்பவர்களுக்கு வேறொரு வசனம் வைத்திருந்தார். "வண்டிய நீங்க ஓட்டுறதா நினைப்பா? ஓட்டுறது நான்! நீங்க சும்மா சக்கரத்தப் புடிச்சிட்டிருக்கீங்க."

பள்ளியை நடத்துபவர் அவருடைய மனைவியின் தம்பி. வேலைக்கு வைத்திருக்கும் ஆள் அக்கா புருஷனாகவும் அமைந்துவிட்டால், திட்டவும் முடியாது, திட்டாமல் இருக்கவும் முடியாது. "மாமா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன். காசு குடுத்துத் திட்டு வாங்கவா வர்றாங்க?" என்பான் மைத்துனன். "ஓசியில திட்டினா எவன் மதிக்கிறான்?" என்பார் மாமா.

மூளையில் லேசான ரத்தக்கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். பேச்சு திரும்பியது. ஞாபகம் திரும்பியது. கோபம் இரண்டுக்கும் முன்பே திரும்பிவிட்டதாக மனைவி சொன்னாள். தூக்கமும் திரும்பியது, ஆனால் நேரம் கெட்ட நேரத்தில். படுக்கையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், காலையில் பல் துலக்கும்போது பிரஷை வாயில் வைத்தபடியே அசந்துபோனார்.

புருஷனும் பெண்டாட்டியும் டாக்டரிடம் போனார்கள். வாய்தா வாங்காமல் வழக்கு அங்கேயே விசாரணைக்கு வந்தது.

"பொட்டுத் தூக்கம் கிடையாது டாக்டர்" என்றார் அவர்.

"பகல் பூராவும் தூங்குறார் டாக்டர்" என்றாள் அவள்.

"எப்படி இப்படி வாய் கூசாமச் சொல்ற? எப்ப தூங்கினேன்?"

"இப்ப வெளிய பெஞ்சுல குறட்டை விட்டீங்களே! பக்கத்துல இருந்த குழந்தை பயந்துபோய் அம்மா மடியில ஏறிக்கிச்சு."

"கண்ண மூடிக்கிட்டு நீ பேசுறதக் கேட்டுட்டிருந்தேன்."

"நான் வாயே தெறக்கல."

டாக்டர் தீர்ப்பை இருவருக்கும் சாதகமாகச் சொன்னார். இரண்டுமே உண்மை. தலையில் அடிபட்டவர்கள் பலருக்கு ராத்திரித் தூக்கம் துண்டு துண்டாகிவிடும், பகலில் உடம்பு அதற்கு வசூல் பண்ணும், இது ஸ்கேனில் தெரியாது, சரியாக மாதக்கணக்கில் ஆகலாம். "இன்னொண்ணு. தூங்கினது தனக்கே தெரியாமப் போறதும் உண்டு. அதனால இவர் சொல்றத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது." தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும், காலை வெயிலில் நடக்க வேண்டும், மதியம் அலாரம் வைத்துச் சின்னதாக ஒரு தூக்கம் போடலாம், சாயங்காலத்துக்கு மேல் காபி கூடாது. "முக்கியமா, நான் சொல்ற வரைக்கும் நீங்க வண்டி ஓட்டக் கூடாது."

"சரிங்க டாக்டர்" என்றார் உடனே. மனைவிக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எதற்கும் முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை.

அடுத்த வாரம் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஓட்டக் கூடாதுன்னார். நான் எங்க ஓட்டுறேன்? ஓட்டுறது படிக்க வர்றவங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

இந்த வாதத்தில் ஓட்டை கிடையாது. ஆயுசு முழுக்க அவர் கத்திவந்ததற்கு நேர் எதிராக இருந்தது என்ற ஒரே குறையைத் தவிர.

"அந்த நேரத்துல கண்ண மூடிட்டா?"

"வாய் தூங்கும், கண்ணு தூங்கும், என் கால் தூங்காது. யோசனை வர்றதுக்கு முன்னாடி அது பிரேக்குல இருக்கும். உனக்கு எங்க தெரியப் போகுது!"

இதற்கெல்லாம் காரணம் இருந்தது. மைத்துனன் புதிதாக ஒரு பயிற்சியாளனைப் பார்த்து வைத்திருந்தான். இளைஞன், கத்தமாட்டான். பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிவிட்டால் தனக்கு ஆபீஸில் ஒரு மூலையும் எல்லோருடைய அனுதாபமும்தான் மிஞ்சும் என்று ஹாரன் சாருக்குத் தெரியும். மூலையைக்கூடச் சகித்துக்கொள்வார்.

அவரிடம் படித்தவர்களில் ஒரு கணக்கு டீச்சர் உண்டு. ஓட்டுநர் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். வேகம், தூரம், நேரம் மூன்றில் எந்த இரண்டைச் சொன்னாலும் மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடுவார். காரில் ஏறினால் மூன்றும் அவரைக் கைவிட்டுவிடும். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் பதறுவார். பக்கத்தில் இருக்கும் ஹாரனுக்கு இன்னும் பதறுவார். அவருக்குக் கிடைத்த நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஹாரன் சாருக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

அன்றைக்கு ரவுண்டானாவில் "நேரா போங்க" என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

டீச்சர் நேராகப் போனார். திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. கியர் மாற்றினார், விழவில்லை. சரியாகச் செய்கிறோம் போலிருக்கிறது என்று நினைத்தார். நினைத்ததும் நிஜமாகவே சரியாகச் செய்ய ஆரம்பித்தார். சந்தையைத் தாண்டி, பஸ் டிப்போவைத் தாண்டி, ஊரே முடிந்து, ரோடும் முடிந்தது.

"சார், இதுக்கு மேல நேரா போகணும்னா கேட்டுல இடிக்கணும்."

கண்ணைத் திறந்தார். குடிநீர் நிலையத்தின் பெரிய இரும்புக் கேட். அதற்குப் பின்னால் ஒரு காவலாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"ம்" என்றார் ஹாரன் சார், எல்லாம் திட்டப்படி நடந்த மாதிரி. "ரிவர்ஸ் எடுங்க."

"எப்படி சார் ஓட்டினேன்?"

"பரவால்ல."

அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. டீச்சர் ஆபீஸுக்குத் திரும்பியதும் எல்லோரிடமும் சொன்னார். "சார் கண்ணயே மூடிக்கிட்டார்! அவ்வளவு நம்பிக்கை என் மேல!"

பேச்சு பரவியது. கத்தாமல், பேசாமல், மாணவரின் தன்னம்பிக்கையை வளர்க்கும் புதிய முறை என்று அதற்கு அர்த்தம் கற்பித்தார்கள். புதிதாகச் சேர வந்தவர்கள், "அந்த அமைதியான சார் கிடைப்பாரா?" என்று கேட்டார்கள். மைத்துனன் வாயெல்லாம் பல்லாக வந்தான். இளைஞனுக்கு, அப்புறம் சொல்கிறேன் என்று தகவல் போயிற்று.

"மாமா, இத முன்னாடியே பண்ணியிருக்கலாமே! இது என்ன டெக்னிக்?"

"எல்லாம் அனுபவம்" என்றார் மாமா. அவருக்கே பாதி நம்பிக்கை வந்திருந்தது. கண்ணை மூடியிருந்தது உண்மை. தூங்கினோமா என்று கேட்டால், சத்தியமாக இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். கேட்க ஆள் இல்லை. கேட்கக்கூடியவள் வீட்டில் இருந்தாள், அவளிடம் அவர் வேலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

டீச்சர் மூன்றாவது தடவை பாஸாகிவிட்டார். சாக்லேட் டப்பாவோடு ஆபீஸுக்கு வந்தார்.

"எல்லாம் உங்களாலதான் சார். அன்னைக்கு அந்தப் பெயிண்டர இடிக்காம நிறுத்தினேன் பாருங்க, அப்ப வந்த தைரியம்!"

"எந்தப் பெயிண்டர்?"

"என்ன சார், மறந்துட்டீங்களா? ஏணியத் தூக்கிக்கிட்டு சைக்கிள்ல குறுக்க வந்தாரே, டிப்போ பக்கத்துல. ஏணி நுனி நம்ம பானட்ல உரசிச்சே! டொக்குனு பெரிய சத்தம். அந்த ஆள் என்ன திட்டு திட்டினார்!"

"நான் என்ன பண்ணினேன்?"

"நீங்க அசையவே இல்லையே! காலக்கூட நகர்த்தல. அப்பா, என்ன நிதானம்!"

ஹாரன் சார் சாக்லேட்டைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தார். டீச்சர் போன பிறகு வெளியே போய் காரின் பானட்டைப் பார்த்தார். எல் போர்டுக்கு மேலே நீலப் பெயிண்ட் தீற்றல் ஒன்று இருந்தது. அதைத் தினமும் பார்த்திருக்கிறார். எந்தக் கழுதை இப்படிப் பண்ணியது என்று மற்ற பயிற்சியாளர்களை ஒரு சுற்றுத் திட்டியும் இருக்கிறார்.

நேராக மைத்துனனின் மேஜைக்குப் போனார்.

"மச்சான், என்னை அந்த சீட்ல உக்கார வைக்காத."

"ஏன் மாமா? இப்பதான பேரு வந்திருக்கு. வர்றவங்க எல்லாம் உங்களத்தான் கேக்குறாங்க."

"தூங்கிட்டேன்டா."

"எப்ப?"

"அது எனக்குத் தெரியாது. அதான்டா பிரச்சினையே."

மைத்துனன் சிரிக்கப் பார்த்தான். மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பெயிண்டர் கதையைக் கேட்டான். அவன் கண் ஜன்னல் வழியாகக் காருக்குப் போய், சேர்க்கைப் படிவங்களுக்குத் திரும்பி, மறுபடி காருக்குப் போயிற்று.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"எனக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியும்" என்றார்.

"சரி. அந்தப் பையனுக்குப் போன் பண்றேன்" என்றான் மைத்துனன். பேசிவிட்டுப் போனை வைத்ததும், "அவனும் பேசாமத்தான் ஓட்டக் கத்துக் குடுப்பானாம். முழிச்சிட்டே" என்றான்.

அடுத்த தடவை டாக்டர், "தூக்கம் எப்படி?" என்று கேட்டபோது, ஹாரன் சார் வாயைத் திறந்தார், மூடினார், மனைவியைக் கை காட்டினார். அவர் வீட்டில் சொல்லியிருந்த பெயிண்டர் கதை உள்பட அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து சீட்டும் வண்டி ஓட்டுவதில் சேர்த்திதான் என்று டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டினார்.

இப்போது காலை வேளைகளில் சாலைக் குறியீடுகள் பாடம் எடுக்கிறார், நின்றுகொண்டே. நிற்கும்போது தூக்கம் வருவதில்லை. வருவதில்லை என்று மாணவர்களும் சாட்சி சொல்கிறார்கள், ஏனென்றால் கத்தல் திரும்பிவிட்டது. மதியம் ஆபீஸ் பெஞ்சில் சின்னத் தூக்கம். ராத்திரித் தூக்கம் முன்னைவிடக் கொஞ்சம் சரியாகியிருக்கிறது. பக்கத்து சீட்டுக்கு டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. சம்மதிக்காமலே போகலாம்.

அலாரம் அடித்த கையோடு மனைவியிடமிருந்து போன் வரும்.

"தூங்கினீங்களா?"

"இரு" என்று போனை நீட்டுவார். "மச்சான், உங்க அக்கா. நான் தூங்கினேனான்னு சொல்லு."