துவாஸில் உடைத்த தேங்காய்

காலை ஏழேகாலுக்குப் பாசிர் ரிஸ்ஸில் ரயில் ஏறினோம், நானும் மகள் கயல்விழியும். சிங்கப்பூர்த் தீவின் கிழக்குக் கோடி அது. நாங்கள் போக வேண்டிய துவாஸ் மேற்குக் கோடி. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஒரே ரயிலில் போய்விடலாம். ஆனாலும் என் பிடிவாதத்தால் பூகிஸில் இறங்கி, வேறு ரயில் பிடித்து, தேக்கா சந்தையில் ஒரு தேங்காய் வாங்கினோம். குடுமியோடு நல்ல முற்றல் காய், ஒரு வெள்ளி எண்பது காசு. டாலரை இங்கே வெள்ளி என்கிறார்கள். மன்னார்குடியில் மளிகைக் கடை வைத்திருப்பவன் நான்; மகளைப் பார்க்க வந்திருந்தேன். ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து மனதைக் கெடுத்துக்கொண்டேன்.

“எதுக்குப்பா இது?”

“லாரி கிளம்புறப்ப உடைக்க.”

“டெஸ்ட் ஓடிக்கிட்டிருக்கும். உள்ள உடைச்சிடாதீங்க.”

மறுபடி ரயிலில் உட்கார்ந்ததும் அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். சுமத்ராத் தீவுக்கு மேற்கே, கடலுக்கு அடியில், பூமியின் இரண்டு தட்டுகள் உரசிக்கொள்ளும் நீளமான பிளவு இருக்கிறதாம். கரையில் யாருக்கும் தெரியாத குட்டிக் குட்டி நடுக்கங்கள் அங்கே ஓயாமல் வருகின்றனவாம். அவற்றைக் கேட்க எட்டுக் கருவிகளைக் கடல் தரையில் வரிசையாக இறக்கி, ஒரு வருடம் கழித்து மேலே எடுப்பார்கள். கருவிகளைச் சோதித்து அனுப்புவது என் மகளின் பொறுப்பு. இன்று மதியம் லாரி, சாயங்காலம் கப்பல். அடுத்த கப்பல் அடுத்த வருடம்தான்.

“ஒண்ணு பழுதுன்னாலும் அந்த எடம் ஒரு வருஷத்துக்குச் செவிடுப்பா. அங்க என்ன ஆனாலும் நமக்குத் தெரியாது.”

“சின்னது நெறைய வந்துட்டா பெருசு வராதுல்ல?”

“அப்படிச் சொல்ல முடியாது. அது தெரியாமத்தானே இவ்வளவு பாடு.”

அந்தப் பக்கத்துக் கடல் ஒருமுறை பொங்கி நாகப்பட்டினம் கரைவரை வந்ததைப் பார்த்தவன் நான். அதனால் எனக்கு இது ஏதோ தூர தேசத்துச் சங்கதியாகப் படவில்லை.

பத்து மணிக்குத் துவாஸ் கிடங்கில் இருந்தோம். தலைக்குத் தொப்பி, காலுக்குக் கனத்த பூட்ஸ் கொடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். மஞ்சள் கூடு போட்ட எட்டுக் கருவிகள், ஒவ்வொன்றும் இட்லிக் குண்டான் பருமன், சிமெண்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எதிரே திரையில் எட்டுக் கோடுகள் நடுங்கியபடி ஓடின. பார்க்கப் பார்க்க எனக்குப் பரவசமாக இருந்தது. பூமாதேவியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

ஐந்தாவது கோடு மட்டும் மெலிந்து ஓடிற்று. மகளோடு வேலை செய்யும் சரவணன், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது புது மாடல். அதான் அமைதியா இருக்கு” என்றாள் கயல்.

“அமைதியா இருக்கா, தூங்குதா? எனக்கு டவுட்டா இருக்குலா” என்றார் சரவணன், சிங்கப்பூர்க்காரர்களின் ‘லா’வோடு.

பன்னிரண்டு மணிக்குப் பக்கத்துத் தொழிற்கூடங்களில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லாரும் சாப்பிடப் போவார்கள், தரை அடங்கும், அப்போது தெளிவாகத் தெரியும் என்று காத்திருந்தார்கள். நான் தேங்காயோடு வெளியே வந்தேன்.

வாசலில் லாரி நின்றது. ஓட்டுநர் மாரிமுத்துவுக்கு அறந்தாங்கி. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

“தேங்காயுமா? ஒடைங்கய்யா.”

“உள்ள டெஸ்ட் நடக்குதாம்.”

“உள்ளதானே ஒடைக்கக் கூடாதுன்னாங்க? இது வெளிய. ரோட்டுல மட்டும் வேணாம், ஃபைன் போட்டுருவான்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிள்ளையாரப்பனை நினைத்து, லாரிக்கு முன்னால் தரையில் ஓங்கி அடித்தேன். அழகாகச் சிதறியது. சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே சரவணன் ஓடிவந்தார்.

“அங்கிள், இப்ப என்ன பண்ணீங்க?”

“தேங்காய் ஒடைச்சேன் தம்பி.”

என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். மகளின் வேலையைக் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன். திரையில் ஏழு கோடுகள் ஒரே இடத்தில் ஊசி மாதிரி எழும்பியிருந்தன. ஐந்தாவது அசையவே இல்லை.

“தூங்குது” என்றாள் கயல்.

கருவியைத் திறந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஆடாமல் இருக்க உள்ளே ஒரு எடையைத் திருகு போட்டுப் பூட்டி அனுப்புவார்களாம். வந்து சேர்ந்ததும் அதைத் தளர்த்த வேண்டும். தளர்த்தவில்லை.

“நான்தான் விட்டுட்டேன்” என்றாள் கயல்.

“நானும் செக் பண்ணேன்ல? ஆளுக்குப் பாதி. பேசாம வேலையைப் பாரு.”

“ரெண்டு மணிக்குள்ள துறைமுகத்துல நிக்கணும் அக்கா” என்றார் மாரிமுத்து, வாசலில் இருந்தபடியே.

திருகைத் தளர்த்தி, துடைத்து, மூடி, தண்ணீர் புகாமல் அடைத்தார்கள். எல்லாம் முடிய ஒரு மணி தாண்டிவிட்டது.

“அங்கிள், இன்னொரு தேங்காய் இருக்கா?”

“ஒண்ணுதான் வாங்கினேன்.”

“அப்ப குதிங்க. மாரி, நீயும் வா.”

நாலு பேரும் வரிசையாக நின்று, பூட்ஸ் காலோடு ஒன்றாகக் குதித்தோம். அறுபத்திரண்டு வயதில் நான் இப்படிக் குதித்ததைப் பார்த்தால் என் வீட்டுக்காரி என்ன சொல்வாளோ. எட்டுக் கோடுகளும் எழும்பின.

“இன்னொரு வாட்டி” என்றாள் கயல்.

மறுபடி குதித்தோம். எட்டும் எழும்பின. மகள் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். மாரிமுத்து அதற்குள் லாரியை உறுமவிட்டிருந்தார். இரண்டு மணிக்குள் துறைமுகத்துக்குள் போய்விட்டதாகப் பிறகு போனில் சொன்னார்.

நான் ஊருக்குத் திரும்பும் நாளன்று கப்பலிலிருந்து சேதி வந்தது: எட்டும் கடலடியில் இறங்கி உட்கார்ந்துவிட்டன. விமான நிலையம் போகும் முன் சிராங்கூன் ரோட்டு அம்மன் கோயிலில் மகள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். தீபாராதனை நேரத்தில் என்ன கேட்பதென்றே தெரியாமல் நின்றேன். இத்தனை வருடமும் பூமி ஆடக் கூடாது என்றுதான் வேண்டியிருக்கிறேன். இந்த வருடம் ஒன்றுமே ஆடாவிட்டால் அவள் பட்ட பாடு என்னாவது?

“என்ன வேண்டிக்கிட்டீங்க?” என்று டாக்சியில் கேட்டாள்.

“பெருசு வேண்டாம். சின்னது மட்டும் வரட்டும். வர்றது எட்டுக்கும் கேக்கட்டும்.”

“சாமிக்கே இத்தனை கண்டிஷனாப்பா?”

போட்டாயிற்று. அடுத்த வருடம் கருவிகள் மேலே வந்ததும், அம்மன் என்ன செய்தாள் என்று மகள்தான் படித்துச் சொல்ல வேண்டும். நான் செய்த எந்த வேண்டுதலுக்கும் இதுவரை இப்படிக் கோடு போட்டுப் பதில் வந்ததில்லை.